ராஜா சபையில் வாங்கும் அனுமதி

இல்லை அப்பா, நான் படிக்க வந்த சியானில் குளிர் அவ்வளவு இல்லை. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

அங்கே நம் ஊர் மசான்சியில் தேங்கிக் கிடக்கும் தேன் முழுவதும் விலைபோய்விட்டது! இங்கே தேன் வியாபாரி மா என்பவர் முதலில் முகம் கொடுக்கவே இல்லை. "ஏற்றுமதிக்கு அனுமதி யாரு வாங்குவா?" என்றார்.

"எங்கப்பா ராஜா சபையில வாங்கிடுவாரு" என்றேன். அரசு அலுவலகத்துக்கு நம் துங்கன் பேச்சில், அந்தப் பழங்காலச் சீனத்தில், அதுதானே சொல்! கடையே சிரித்தது. மா மட்டும் எழுந்துவிட்டார்.

"ராஜா போய் நூறு வருஷமாச்சு, பொண்ணே! அந்தக் காலத்துல இங்கேயிருந்து தப்பிப் போன நம்ம ஜனமா நீ? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? உங்க தேன் வேற எவன் கடைக்கும் போகக் கூடாது, ஆமா!"

அம்மாவின் குரலைப் பதிந்து அனுப்புங்கள். திட்டினாலும் சரி, நம் பேச்சைப் பேச இங்கே ஆளில்லை.

வகுப்புக்கு ஓடுகிறேன். கிடங்கைத் திறந்து வையுங்கள், லாரிக்குச் சொல்லிவிட்டேன்.

ஸுஹ்ரா