உன் நேர்ச்சையும் என் முழங்காலும்

என் கண்ணான ரோஸ்லினுக்கு,

நீ இருக்கும் இடத்தில் மூட்டு வலியே கிடையாதாமே. இங்கே நான் நடக்கிறேன், நம்புவாயா? மீன் வாங்க நானே போகிறேன். பழசை என் தலையில் கட்டிவிடுகிறார்கள் என்று மருமகள் முணுமுணுக்கிறாள், அது வேறு கதை.

முழங்கால் முட்டு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றிலிருந்து நீ என்னை நாற்காலியை விட்டு எழ விட்டாயா? "அசையாதீங்க, இன்னும் தேஞ்சிரும்" என்பாய். காப்பியும் பேப்பரும் கைக்கே வரும். எழ வேண்டுமென்றால் இடது பக்கம் உன் தோள் வந்து நிற்கும். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன், உன் தோளைப் பிடித்துத்தான் குளிக்கப் போனேன். நீ போன பிறகு அந்த நாற்காலியிலேயே கிடந்தேன்.

மகன்தான் பிசியோதெரபிக்கு இழுத்துப் போனான். அங்கே இருக்கும் பெண் சாத்தான்குளத்துக்காரி. நீ சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னாள். "தேஞ்சது வளராது அங்கிள். ஆனா தொடை பலமாச்சுன்னா முட்டுக்குப் பாரம் குறையும். லேசா வலிச்சாலும் செய்யலாம். மறுநாளும் வலி கூடியே இருந்தா குறைச்சுக்கிடுவோம்."

துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தினேன். உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கினேன். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு முறையும் இடது கை தானாக நீண்டது. "கை எங்கன போகுது அங்கிள்?" என்று கேட்டாள். அங்கேதான் நீ நிற்பாய் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

இப்போது முட்டு தேவலை. அதனால்தான் சிக்கல். என் முட்டு சுகமானால் என்னைக் கோயில் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலிலேயே நடக்க வைப்பதாக மாதாவிடம் நேர்ந்தாயே! ஏளா, மூட்டு வலிக்கு வேறு நேர்ச்சையே கிடைக்கவில்லையா? உப்பும் மிளகும் காணிக்கை போட்டால் போதாதா?

இதைக் கேட்டதும் பிசியோ பெண் தலையில் கை வைத்துவிட்டாள். "பட்ட பாடெல்லாம் வீணாப் போயிரும் அங்கிள்!" கோயிலில் பங்குச்சாமியைப் போய்க் கேட்டேன். "நேர்ச்சைய மாத்திக்கிடலாம், மாதா கோவிச்சுக்கிட மாட்டாங்க" என்றார். மாதா கோபிக்க மாட்டாள், சரி. நீ? உன்னைக் கேட்காமல் வீட்டில் ஒரு திரைச்சீலையைக்கூட நான் மாற்றியதில்லை. எனக்காக நீ கண்ணீரோடு நேர்ந்ததை எப்படி மாற்றுவேன்?

அதனால்தான் உன்னிடமே கேட்கிறேன். இந்தத் திருவிழாவில் மாதாவின் சப்பரத்துக்குப் பின்னால் எல்லாத் தெருவும் காலாலேயே நடந்து வருகிறேன். கடைசியில் மாதாவுக்கு முன்னால் தலையணை போட்டு ஒரே ஒரு தடவை மண்டியிடுகிறேன். அதற்கு அந்தப் பெண் சம்மதித்துவிட்டாள். நீ சம்மதிப்பாயா?

யாரையும் பிடிக்காமல் எழுந்திருப்பேன், இது சத்தியம். எழும்போது இடது கை மட்டும் பக்கத்தில் கொஞ்சம் தேடும். அதை மட்டும் நிறுத்தச் சொல்லாதே.

என்றும் உன் வீட்டுக்காரன்,
அந்தோணி