பாட்டிலுக்குள் போகும் மூச்சு

நவம்பர் 3, திங்கள்

தூறல். மலைப்பாதை முழுக்க மூட்டம். மதுரையிலிருந்து ஆம்புலன்ஸில் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரருக்கு நுரையீரலில் கெட்டுப்போன துண்டை மதுரையில் வெட்டி எடுத்தார்கள். தைத்த இடம் மூடவில்லை, காற்று கசிகிறது. விலாவில் குழாய். அதன் மறுமுனை கட்டிலடியில், தண்ணீர் பாட்டிலுக்குள். மூச்சு விடும்போதெல்லாம் குமிழி. மலை ஏற ஏறக் கூடியது.

இன்னொரு ஆபரேஷனை உடம்பு தாங்காதாம், ஊர்ப்பக்கமே வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வாங்க: பிளாஸ்க், கம்பளிக் காலுறை, சோப்பு.

நவம்பர் 4, செவ்வாய்

மத்தியானமே இருட்டு. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, பூம்பாறையில் பூண்டு போடுகிறவர், வந்ததும் கேட்டார்: "யாருங்க உள்ள உலை வச்சிருக்கா? கொதிக்கிற சத்தம் கேக்குதே."

பாட்டிலைக் காட்டினேன். நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

இவர் பேச வாயெடுத்தால் பாட்டில் முந்திக்கொள்கிறது. அசந்து தூங்கும்போது வாய் மூடியிருக்கிறது, கீழே மட்டும் முணுமுணுப்பு. குனிந்து காது வைத்துக் கேட்டேன். எதற்குக் கேட்டேன்?

நவம்பர் 5, புதன்

வெயில் இல்லை. துணி காயவில்லை.

டாக்டரம்மா சொன்னது: "கையில இருந்து அவர் ரத்தத்தையே எடுத்து, உறையறதுக்குள்ள குழாய் வழியா நெஞ்சுக்குள்ள விடுவோம். அது உறைஞ்சு ஓட்டையை அடைக்கும். எல்லாருக்கும் பலிக்காது. காய்ச்சலும் வரலாம்."

இவர்: "தாண்டிக்குடி ரோட்டுல எத்தனை ஜீப்புக்குப் பஞ்சர் ஒட்டியிருப்பேன். எனக்கும் ஒட்டிப் பாருங்க."

சிரித்தார். பாட்டிலும் சிரித்தது.

கையெழுத்துப் போட்டேன். ரத்தம் சூடு ஆறும் முன் விலாவுக்குள் போனது. திரும்பி வடியாதபடி குழாயை உயரத் தூக்கிக் கட்டினார்கள். சிஸ்டரும் நானும் இவரைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தோம்.

நவம்பர் 6, வியாழன்

விடிந்து கண் விழித்தால் சத்தமே இல்லை. குழாயை மறுபடி கீழே இறக்கியிருந்தார்கள். பாட்டிலில் ஒரு குமிழி கிடையாது. பூம்பாறை அம்மா எழுந்து நின்று கை கூப்பிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் இவர் மூக்கில் விரல் வைத்தேன். சூடு.

"என்னடி பண்ற?"

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் உட்கார்ந்து குழாயையே பார்த்தார். "அடைச்சது ஓட்டையா, குழாயான்னு தெரியணும்க்கா. குழாய்னா ஆபத்து." இவர் மூச்சுக்குத் தக்க குழாய்க்குள் தண்ணீர் ஏறியது, இறங்கியது. "குழாய் நல்லாத்தான் இருக்கு."

சந்தோஷப்பட வேண்டும். அந்த அமைதியைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பிடவில்லை.

நவம்பர் 8, சனி

வெள்ளனே கடுங்குளிர். நேற்றுக் குழாயைக் கிளிப் போட்டு மூடி வைத்துப் பார்த்தார்கள். இன்று எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்தே இருக்கிறது. குழாயை எடுக்க டாக்டரம்மா வந்தார்.

"மூச்சை இழுத்துப் பிடிங்க. விடாதீங்க."

உருவினார். ஒட்டுப் போட்டார். "இனி விடலாம்."

இவர் விடவில்லை. முகம் கறுத்தது. கண் கட்டிலடியைத் தேடியது.

"விடுங்களேன்!" கத்திவிட்டேன்.

விலாவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். அப்புறம் விட்டார். வாய் வழியாகவே வந்தது மூச்சு, குளிரில் வெள்ளைப் புகையாக.