எந்த அந்தோணி?

பங்காளி,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வரி மேட்டில் ஏறுகிறது, பள்ளத்தில் இறங்குகிறது. நம்முடைய பேரை எழுதுவதற்குள் வேர்த்துவிடுகிறது. 'தோ'வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். நீ வளர்த்த கிடாயைப் போல முட்டுகிறது. கோயில் கூடத்தில் எங்களுக்குப் பாடம் எடுக்கிற சிஸ்டர், "தாத்தா, மறுபடியும் காலை விட்டுட்டீங்க" என்று சிரிக்கிறார். பரவாயில்லை. இத்தனை வயசுக்கு மேல் எழுதுகிறேன் பார், அதுவே எனக்குப் பெரிய கும்மாளமாக இருக்கிறது.

போன வாரம் கல்லறைத் திருநாள். புதுச் சுண்ணாம்பு வாடை மூக்கைப் பிடித்து இழுத்தது. உன் மகள் ரீத்தா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அவள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கும்போது உன் சிலுவையில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அ, ந், தோ, ணி. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் பேரைத் தானே கல்லறையில் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னக் கொடுத்துவைத்தவன் இந்த ஊரில் நான்தானே!

நம் ஊரில் யாருக்கு அந்தப் பேர் இல்லை? அந்தோணியார் கோயிலைச் சுற்றிப் பிறந்த ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தோணிதான். நீ மேட்டு வீட்டு அந்தோணி. நான் கிணத்தடி அந்தோணி.

அந்தக் கிறிஸ்துமஸ் நினைவிருக்கிறதா? ரீத்தா வேலைக்குப் போய் இரண்டாவது வருசம். மடியில் வைக்கிற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நம் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். லீவு முடிந்து போனதும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டிய கட்டளைகளாம்.

"என்னத்தா எழுதுற, லெட்டரா?" என்று கேட்டாய்.

"இல்லப்பா. சிப் வரையிறோம்ல, அதுக்குள்ள லட்சக்கணக்குல குட்டிக் குட்டிப் பெட்டி இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் கால் மாதிரி பின் இருக்கும். எந்தப் பின்னு வேணுமோ அதைக் கேட்டு வாங்கணும். 'கெட் பின்ஸ்'னு போட்டுப் பேரைச் சொன்னா, அது எடுத்துக் கொடுக்கும்."

"பேரைச் சொன்னா வந்துருமா?"

"வராது. எல்லாப் பெட்டியிலயும் 'ஏ'ன்னு ஒரு பின் இருக்கும். வெறும் 'ஏ'ன்னு கேட்டா, அப்படி யாரும் இல்லைங்கும். பெட்டி பேரு, ஒரு சாஞ்ச கோடு, அப்புறம் பின் பேரு. அப்படிக் கேட்டாத்தான் சரியான ஆளு வரும்."

நீ என் தொடையில் ஓங்கி அடித்தாய். "ஏலே, நம்ம கதைதான்டா! மேட்டு வீடு, கோடு, அந்தோணி. கிணத்தடி, கோடு, அந்தோணி."

"வீடு தெரியலன்னா என்ன பண்ணுவ?" என்று நான் கேட்டேன்.

"நட்சத்திரம் போடுவோம் சித்தப்பா. வாசல்ல தொங்குதே, அதே மாதிரி குட்டியா. போட்டா அந்தப் பேருள்ள எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துரும். ஒரு தடவை தப்பா நட்சத்திரம் போட்டு, வேண்டாத பின்னையெல்லாம் மாத்தித் தொலைச்சேன். எங்க ஆபீஸ் பெரியவர் போன்லயே என்னைக் கிழிச்சுட்டாரு."

"நட்சத்திரத்தைப் பாத்தா எல்லாரும் கிளம்பி வரத்தானத்தா செய்வாங்க. அதான கிறிஸ்துமஸ்" என்றாய். வெங்காயக் கண்ணீரோடு மூன்று பேரும் சிரித்தோம்.

அப்போதுதான் அவள் கடைசியாக ஒன்று சொன்னாள். "பேரே வேணாம்ப்பா. பின்னுக்குப் பின் இணைக்கிற கம்பி இருக்கும், அதைப் பிடிச்சும் கேக்கலாம். இந்தக் கம்பியில கட்டியிருக்கிற பின் எதுன்னு கேட்டா, அது எங்க ஒளிஞ்சு கிடந்தாலும் கையைத் தூக்கிரும்."

மறுநாள் காலையில் வந்தார்கள்.

வாய்க்கால் தகராறில் நீ ஒருவனுடைய தாடையை மண்வெட்டிக் காம்பால் பிளந்திருந்தாய். உன் மடையை அடைத்துவிட்டு உன் அம்மாவையும் சேர்த்துத் திட்டினான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் பல் வரப்பில் தெறித்ததைப் பார்த்து எனக்கு வருத்தமெல்லாம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவனுடைய சொந்தக்காரர்கள் வெளியூரிலிருந்து ஒரு டெம்போவில் அரிவாளோடு வந்து இறங்கினார்கள். உன் முகம் அவர்களுக்குத் தெரியாது. பேர் மட்டும்தான் தெரியும்.

"எவன்டா அந்தோணி?"

டீக்கடை அந்தோணி கிளாஸைக் கழுவிக்கொண்டே, "எந்த அந்தோணி? இங்க கல்லை விட்டா அந்தோணி மேலதான விழும்" என்றான். அதே கிளாஸை அவன் வாயில் வைத்து அடித்தார்கள். உதடு இரண்டாகக் கிழிந்தது. கோயில் மணியடிக்கிற அந்தோணியை மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. "எல்லா நாயையும் வெட்டுங்கடா, அதுல அவனும் இருப்பான்" என்று ஒருவன் கத்தினான். நட்சத்திரம் போட்டுவிட்டார்கள் பங்காளி!

நான் உன் வீட்டை நோக்கித்தான் ஓடினேன், உன்னைப் பின்பக்கமாகப் போகச் சொல்ல. வாசலிலேயே பிடித்தார்கள். "உன் பேரு என்னடா?" "அந்தோணி. அதுக்கென்ன இப்போ?" என்றேன். ஒருத்தன் வயிற்றில் உதைத்துத் தள்ளி, கழுத்தில் முட்டியை வைத்து, கன்னத்தைச் சிமிண்டுத் தரையில் தேய்த்தான். முன்பல் அங்கேயே போயிற்று. வாயெல்லாம் ரத்தம். தலையைத் தூக்க முடியாது. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் உன் வாசற்படியும் சாக்கடைக் கல்லும் மட்டும். பிடரியில் அரிவாளின் சில்லிப்பு பட்டது.

அப்போது உன் கால் வந்தது. பெருவிரல் நகம் பிளந்த உன் வலது கால். படியைத் தாண்டியது. சாக்கடைக் கல்லில் ஊன்றியது. பக்கத்தில் மண்வெட்டியின் இரும்பு தரையில் உரசி வந்தது.

அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து ரீத்தா அலறினாள். "அப்பா!"

தெருவில் கிடந்த அத்தனை அந்தோணிகளில் நீ ஒருவன்தான் திரும்பினாய்.

அவர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? என்னை விட்டுவிட்டு உன் மேல் பாய்ந்தார்கள். தலைக்கு வந்த வெட்டை இடது கையால் தடுத்தாய். விரல்கள் என் முகத்துக்கு நேரே விழுந்து துடித்தன. வலது கையால் மண்வெட்டியைச் சுழற்றினாய் பார், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வெட்டினவனுடைய முட்டி உள்பக்கமாக மடிந்தது. இன்னொருத்தன் தோளெலும்பு முறிந்து தொங்கியது. அதைப் பார்த்ததும் பெண்கள் மொட்டை மாடியிலிருந்து அம்மிக் குழவி வரைக்கும் தூக்கிப் போட்டார்கள். டெம்போ அவர்களை ஏற்றிக்கொண்டு பின்பக்கமாகவே ஓடிப் போனது. வாயில் ரத்தத்தோடு நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய்.

உன் இடது கையில் பெருவிரல் மட்டும் மிஞ்சியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைத் தூக்கிக் காட்டி, "கைநாட்டுப் பயலுக்கு இது ஒண்ணு போதும்ல?" என்றாய்.

ஆனால் ஒன்று நின்றுபோனது. அதை முதலில் கவனித்தவன் நீதான். "பங்காளி, ரீத்தா என்னை 'இந்தாங்க'ங்குறா. 'சாப்பிடுங்க'ங்குறா. பொண்டாட்டி கூப்பிடுற மாதிரி இருக்குடா. வாய் நிறைய அப்பான்னு ஒரு தடவை கூப்பிட்டா என்ன?" என்றாய். கையைப் பார்த்த அதிர்ச்சி, கொஞ்ச நாள் போனால் சரியாகும் என்றேன். சரியாகவில்லை. வருசா வருசம் வந்தாள், பணிவிடை செய்தாள், அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாய். பெட்டியை மூடும்போதுதான் கூப்பிட்டாள். "அப்பா!" இங்கே பார், சொன்னால் சிரிப்பாய், நீ திரும்புவாய் என்று நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரணம் எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. நான் நம் பேரைப் படித்துவிட்டுச் சிரித்தபோது அவளும் சிரித்தாள். அப்புறம் மெழுகுவர்த்தியைப் பார்த்தபடியே சொன்னாள்: "நான் கூப்பிடாம இருந்திருந்தா எந்த அந்தோணின்னே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சித்தப்பா. முந்தின நாள் நானேதான் சொன்னேன், கம்பியைப் பிடிச்சுக் கேக்கலாம்னு. நான்தான் அந்தக் கம்பி."

"அடி கிறுக்கச்சி, உங்கப்பன் கால் முன்னாடியே வெளிய வந்துருச்சுடி! எனக்காக அவனாத்தான் வந்தான்! நான் தரையில கிடந்து பாத்தேன்" என்று கல்லறை அதிரக் கத்தினேன்.

"ஆறுதலுக்குச் சொல்றீங்க" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அவள் உன்னிடம் கேட்டிருந்தால் நீயே சொல்லியிருப்பாய். நீயும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்போது அந்தக் காலைப் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான். வாயால் சொன்னால் ஆறுதல் என்கிறாள். அதனால் எழுதப் போகிறேன். இந்தக் கடிதத்தில் கை பழகிவிட்டேன். 'கால்' என்று எழுதினால் அந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு கால் வருகிறது, தெரியுமா? அதை மட்டும் நான் விட மாட்டேன்.

முதல் வரி: கால் வந்தது. இரண்டாவது வரி: அவள் கூப்பிட்டாள். வரிசை மாறாமல் எழுதி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தபால் பெட்டியில் போடுவேன். படித்துவிட்டு அவள் என்ன சொன்னாள் என்று அடுத்த வாரம் உனக்குத்தான் முதலில் எழுதுவேன். 'அப்பா' என்று சொல்லிப் பேசினாளா என்பதையும்.

அவளுக்கு எந்த அந்தோணி எழுதினான் என்ற குழப்பமே வராது. கீழே இப்படிப் போடப் போகிறேன், சரியா என்று பார்:

கிணத்தடி வீடு / அந்தோணி