இரண்டாவது அட்டை

வினாத்தாள் நகலெடுக்க ஜமுனாமரத்தூர் கடைத்தெரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். இயந்திரத்திலிருந்து வந்த சூடான தாளின் வாசம் முகத்தில் அடித்ததும் நீ நினைவில் வந்துவிட்டாய். நீ போன பிறகு, உன் மருத்துவமனைக் காகிதங்களை நானும் உன் வீட்டுக்காரரும் கட்டுக்கட்டாக நகலெடுத்த அன்றைக்கும் இதே வாசம்தான்.

பதினோரு வருஷம் போளூரிலிருந்து காலை பஸ்ஸில் ஒன்றாக ஏறி வந்து, மலைப்பள்ளியில் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்தினோம். கடைசி வருஷம், பஸ்ஸை விட்டு இறங்கிப் பள்ளிக்கு ஏறும் சரிவில் நீ நிற்க ஆரம்பித்தாய். "சாமை எப்டி வந்திருக்கு பாரேன்" என்பாய். நானும் வழியோரச் சாமைக் கொல்லையைப் பார்ப்பேன். மூச்சு வாங்குவதை மறைக்கிறாய் என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இதய வால்வை மாற்ற வேண்டும் என்றார்கள். நம் ஆசிரியர் காப்பீட்டில் ஒரு வரம்பு வரைதான் கிடைக்கும், மீதியை நாமே கட்ட வேண்டும். உன் வீட்டுக்காரர் வேலை செய்யும் தோல் கம்பெனியும் உன்னையும் சேர்த்து ஒரு காப்பீட்டு அட்டை கொடுத்திருந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினாய். "இதையும் குடுக்கலாமாடி?"

"வேணாம். ஒரு வியாதிக்கு ரெண்டு எடத்துல கேட்டா மோசடின்னு எழுதிடுவாங்க. மெமோ வரும்" என்றேன்.

எனக்கு யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

நீ வீட்டில், "அது இதுக்கு ஆவாதாம்" என்று சொல்லிவிட்டாய். சேமநிதியில் கடன் கேட்டு எழுதிப் போட்டு, அது வரும்வரை மாத்திரையோடு ஓட்டினாய். மூன்று மாதம்.

கால் வீங்கி, மறுபடி வேலூர் போனபோது, காப்பீட்டு மேசையில் இருந்த பெண் உன் வீட்டுக்காரர் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்தாள். "சார், உங்க கம்பெனியில பாலிசி இருக்குமே?" என்றாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். "ரெண்டும் வச்சிருக்கலாங்க. மறைக்கத்தான் கூடாது. மொதல்ல ஒண்ணுல வாங்கணும். எவ்ளோ குடுத்தோம்னு அவங்க ஒரு லெட்டர் தருவாங்க. அதோட பில் நகலெல்லாம் வச்சி மீதிய இன்னொண்ணுல கேக்கணும். ஒரே செலவுக்கு ரெண்டு தடவ வாங்க முடியாது, அவ்ளோதான்."

உன் வீட்டுக்காரர் திரும்பினார். "ஆவாதுன்னு உனக்கு யார் சொன்னது?"

நான் உன் தோளை ஒட்டித்தான் நின்றிருந்தேன். நீ என் பக்கம் பார்க்கவே இல்லை. "யாரும் சொல்லல. நானாத்தான் அப்டி நெனச்சிக்கினேன்" என்றாய்.

அறுவை சிகிச்சை நடந்தது. இதயம் ரொம்பக் களைத்துவிட்டது, முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். காரியம் முடிந்து, நகல்களில் மருத்துவமனை முத்திரை வாங்கி அனுப்பினோம். கம்பெனிக் காப்பீட்டிலிருந்து மீதி வந்தது. பணம் வந்த செய்தியை உன் வீட்டுக்காரர் போனில் என்னிடம் காட்டினார்.

இப்போதெல்லாம் யாராவது என்னிடம் எதையாவது கேட்டால், "தெரியலங்க, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்கிறேன். தெரிந்த விஷயமாக இருந்தாலும் ஒரு முறை விசாரிக்காமல் சொல்வதில்லை.

உன் வீட்டுக்காரர் இன்னும் நீ சொன்னதைத்தான் நம்புகிறார். "அவளுக்கு எப்பவும் பயம் ஜாஸ்தி டீச்சர்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நீ பயந்தவள் இல்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டியவள் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருப்பார். போன ஞாயிறும் உங்கள் தெருமுனை வரைதான் போய்த் திரும்பினேன்.