தர்ஷினி மாறிய வண்டி

கண்டக்டர் அவர்களுக்கு,

எதை எழுதுவதானாலும் முதலில் வரிசை போட்டுக்கொள்ளாவிட்டால் எனக்குக் கை ஓடாது. நீங்கள் இதற்காக என்னை எவ்வளவு கேலி செய்திருக்கிறீர்கள்! இருந்தாலும் போடுகிறேன்.

1. இன்று காலை ஜெராக்ஸ் கடையில் வந்த வாசனை.
2. புங்கமரத்தடியில் நாம் பார்த்த வேலை.
3. நீங்கள் எதற்கும் பயப்படாதவர் என்பது.
4. தர்ஷினியின் பெயர்.
5. இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது.

வாசனை என்று சொன்னது லேமினேஷன் வாசனையை. பிளாஸ்டிக் உறை சூட்டில் உருகி ஒட்டும்போது கொஞ்சம் கருகினாற்போல ஒரு நெடி வருமே, அது. நம் மேசையை ஒட்டிய கடையில் அது எப்போதும் வரும்; உங்களுக்கு மூக்கில் ஏறித் தும்மல் வரும். தும்மிவிட்டு, “இந்த ஊர்ல பொறந்த புள்ளயத் தவிர எல்லாத்துக்கும் லேமினேசன் போட்டுட்டாங்க, ஆபீஸர்” என்பீர்கள். கருவூலத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என்னை ஆபீஸர் என்று கூப்பிட்டவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். இன்று காலை அந்த நெடி வந்தது. தும்மலை எதிர்பார்த்துத் திரும்பினேன். உங்கள் நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

அரூர் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே புங்கமரத்தடியில் நாம் மேசை போட்டது உங்கள் யோசனை. ஓய்வு பெற்ற பிறகும் உங்களை மொரப்பூர் தடத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிள்ளைகளின் சிகிச்சைக்கு அரசுக் காப்பீட்டு அட்டையை வைத்துக்கொண்டு, அது ஏன் செல்லவில்லை என்று தெரியாமல் வருகிறவர்களை நீங்கள் பேருந்து நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு வருவீர்கள். நான் தாள்களைப் பார்ப்பேன். பிள்ளையின் பெயர் ரேஷன் அட்டையில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருக்கும். வருமானச் சான்று காலாவதியாகியிருக்கும். போன வருஷம் பட்டியலில் இருந்த ஆஸ்பத்திரி இந்த வருஷம் இருக்காது. விதி மாறும்போதெல்லாம் புது விதியை நான் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பேன். அவர்கள் முகத்தில் ஒன்றும் ஏறாது. நீங்கள் குறுக்கிட்டு, “நிறுத்துங்க ஆபீஸர். ஏம்மா, மொதல்ல பாப்பா பேரச் சொல்லு, பேப்பர அப்பறம் எடு” என்பீர்கள். பெயரைச் சொல்லும்போது அந்தத் தாய்க்கு அழுகை வந்துவிடும். அழுது முடித்த பிறகு நான் கேட்பதற்கெல்லாம் சரியாகப் பதில் வரும். அது எனக்குக் கடைசி வரை கைவராத வித்தை.

சங்கீதா அப்படித்தான் வந்தாள். தீர்த்தமலைக்கு முன்னால் உள்ளே போகிற மண் ரோட்டில் அவள் ஊர். கணவன் பெங்களூரில் கட்டட வேலை. மகள் தர்ஷினிக்கு ரத்தப் புற்றுநோய். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சுற்றுச் சுற்றாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள், காப்பீட்டு அட்டையின் பேரில். அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் விதி மாறிவிட்டது. பிள்ளையின் பெயர் எந்த ரேஷன் அட்டையில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்தின் வருமானத்தை வைத்துத்தான் இனிக் காப்பீடு. சங்கீதாவும் கணவனும் பாகம் பிரிந்தபோது தனி ரேஷன் அட்டை வாங்கிக்கொண்டார்கள். தர்ஷினி பெயர் மட்டும் தாத்தா அட்டையிலேயே இருந்தது. அந்த அட்டையில் பெரியப்பாவும் இருந்தார், அவருக்குச் சம்பள வேலை, வரம்பு தாண்டிவிட்டது.

“பாப்பா பேர ஏம்மா அங்க வுட்டீங்க?” என்று கேட்டீர்கள்.

“மாமா கேட்டாருங்க. நீங்கதான் பிரிஞ்சு போறீங்க, புள்ள பேராவது எங்கூட இருக்கட்டும்னாரு. அரிசிக்கோசரம்னு நெனைக்காதீங்க. அவரு அந்தக் கார்ட எடுத்து எடுத்துப் பாப்பாருங்க.”

வழி எளியது என்று நான் சொன்னேன். தாத்தா அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும், பிறகு அம்மா அட்டையில் சேர்க்க வேண்டும், பிறகு காப்பீடு. மூன்று படிகள். தாளில் எழுதியும் கொடுத்தேன். மறுவாரம் அதே தாளோடு திரும்பி வந்தாள். மாமனார் சம்மதிக்கவில்லை. பெயரை நீக்க அவர் கைபேசிக்கு ஓர் எண் வரும். அதை அவர் சொன்னால்தான் நடக்கும். அவர் கைபேசியை இடுப்பில் செருகிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுகிறார்.

“கெளம்புங்க ஆபீஸர்” என்றீர்கள்.

எனக்கு அந்நியர் வீட்டு வாசலில் போய் நிற்பதே ஆகாது. பேருந்தில் போகும்போது நான் என்ன சொல்வது என்று இரண்டு முறை கேட்டேன். “ஒண்ணும் சொல்லாதீங்க, அது போதும்” என்றீர்கள். இறங்கியதும் சங்கீதா வீட்டில் தண்ணீர் குடிக்கப் போனீர்கள். நான் ரோட்டிலேயே நின்று கைபேசியில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது உங்கள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. முகம் கழுவிக்கொண்டீர்கள் என்று நினைத்தேன்.

சங்கீதாவின் மாமனாரான பெரியவர் அடுத்த வீட்டு வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். நம்மை உட்காரச் சொல்லவில்லை.

“அதுல என்ன போட்டிருக்குது? படிங்க” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் அதில் இருந்ததை அப்படியே படித்தேன். “உறுப்பினர் நீக்கம். காரணம்: இறப்பு, திருமணம், வேறு அட்டைக்கு...” நீங்கள் என் தோளில் கை வைத்து அழுத்திய பிறகுதான் நிறுத்தினேன்.

“பாத்தீங்களா? மொத எழுத்தே சாவுதான்” என்றார் பெரியவர். “இந்தக் கார்டுல இதுவரைக்கும் ரெண்டு பேரு அடிச்சிருக்குது. ஒண்ணு எங்கம்மா, ஒண்ணு எம் பொண்டாட்டி. உசுரோட கெடக்கற புள்ள பேர அடிக்கச் சொல்றீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா?”

வேறு யாராவது என்றால் விதியைச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன். நீங்கள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஒரு புளியங்காயை எடுத்து நீங்களும் உடைத்தீர்கள்.

“ஏனுங்க பெரியவரே, எத்தினி வாட்டி என் வண்டில வந்திருப்பீங்க?”

“வந்திருக்கறன். சில்லறை குடுக்கலேன்னு ஒருவாட்டி பாதில எறக்கியும் வுட்டீங்க.”

“அது நீங்கதானா? நல்லா வேணும்.” பெரியவர் முகம் ஒரு கணம் இளகியது. நீங்கள் விடவில்லை. “மொரப்பூர்ல ஒருத்தன் ஒரு வண்டில எறங்கறான். எறங்கிட்டா செத்தா போனான்? அடுத்த வண்டில ஏறி ஒக்காந்திருக்கான். பாப்பா உங்க வண்டில எறங்கி அவங்கம்மா வண்டில ஏறுது. அவ்ளோதான். இது அடிக்கறதில்லீங்க, மாறுறது.”

பெரியவர் இன்னொரு காயை எடுத்தார். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துத் தனியாகப் போட்டார். பிறகு கேட்டார்: “நடுவுல வண்டி வராம நின்னுபோச்சுன்னா?”

“நான் கூட நிக்கறன்” என்றீர்கள்.

அவர் இடுப்பிலிருந்து கைபேசியை எடுத்து உங்களிடம் நீட்டினார். எழுத்து அவருக்குத் தெரியாது. எண் வந்ததும் நீங்கள் படித்துச் சொன்னீர்கள், நான் அழுத்தினேன். பழைய அட்டையில் பெயர் இல்லாமல் போயிற்று.

நடுவில் வண்டி நின்றுவிட்டது. சேர்க்கும் விண்ணப்பம் ஏதோ ஒரு மேசையில் தங்கிற்று. நீங்கள் தினமும் காலையில் போய் அந்த அலுவலக வாசலில் நின்றீர்கள். சத்தம் போட்டீர்கள், கெஞ்சினீர்கள், ஒரு நாள் உங்களை வெளியே போகச் சொன்னார்கள், மறுநாளும் போனீர்கள். அந்த நாட்களில் தர்ஷினி எந்த அட்டையிலும் இல்லை. ஒரு சுற்று மருந்து தள்ளிப்போயிற்று. அட்டை வந்ததும் அன்றே சேலத்துக்குக் கூட்டிப்போனோம்; அடுத்த சுற்றும் ஏற்றினார்கள். அதற்குப் பின் காய்ச்சல் வந்தது. அது தணியவே இல்லை.

தள்ளிப்போன அந்த ஒரு சுற்றுதான் காரணமா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். “அப்படிச் சொல்ல முடியாதுங்க. இல்லேன்னும் சொல்ல முடியாது” என்றார் அவர். அந்த இரண்டு வாக்கியங்களையும் நான் இன்றுவரை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது பெரியவர் நம்மைத் திட்டவில்லை. உங்களைப் பார்த்து, “நிக்கறன்னீங்களே” என்றார். அவ்வளவுதான். நீங்கள் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை நீங்கள் மேசைக்கு வரமாட்டீர்கள் என்று நினைத்தேன். எனக்கே வர மனமில்லை. எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தீர்கள். யாரோ ஒருவனை, “பொண்டாட்டிய அனுப்பிச்சுட்டு நீ டீக்கடையில நிக்கறயா?” என்று ஊர் கேட்கத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். அன்று நான் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த மனிதருக்குப் பயம் என்பது பிறப்பிலேயே வைக்கப்படவில்லை. எனக்கு அவர் பங்கும் சேர்த்து வைக்கப்பட்டுவிட்டது. மூன்றாவதாக நான் எழுதியிருப்பது அதைத்தான்.

ஐப்பசி மழையில் நீங்கள் போனீர்கள். மொரப்பூர் தடத்திலேயே, பயணியாக உட்கார்ந்து வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்களாம். டிரைவர் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் வண்டியை ஆஸ்பத்திரிக்கே விட்டாராம். அதன் பிறகு நான் மேசைக்குப் போகிறேன், ஆனால் குரல் எழும்புவதில்லை. விதியை வாசிக்கிறேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இன்று காலை அந்த நெடியோடு கடையிலிருந்து வெளியே வந்தது சங்கீதா. இடுப்பில் ஒரு பையன். தர்ஷினிக்குப் பிறகு பிறந்தவன். கையில் சூடு ஆறாத ஒரு லேமினேஷன் தாள். என் மேசையில் வைத்தாள். தர்ஷினியின் இறப்புச் சான்றிதழ்.

பையனுக்குக் குடலிறக்கம், ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வேண்டும். மறுபடியும் விதி மாறியிருக்கிறது. ரேஷன் அட்டையில் இருக்கிற எல்லோரும் கைரேகை வைத்தால்தான் காப்பீடு புதுப்பிக்கப்படும். ஒருவர் ரேகை வைக்கவில்லை. அவர் பெயரை எடுக்காமல் தம்பிக்கு அட்டை இல்லை.

“இத்தன நாளா எடுக்கல சார். கடையில கேக்கும்போதெல்லாம் ஊருக்குப் போயிருக்குதுன்னு சொல்லிட்டன்” என்றாள்.

கடைக்காரர் தன் கம்ப்யூட்டரை எனக்கு விட்டுக்கொடுத்தார். அதே பக்கம். உறுப்பினர் நீக்கம். காரணங்களில் இந்த முறை முதலாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பெயர்! நீங்கள் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

“கண்டக்டர் இருந்திருக்கணும்மா. அவருக்கு இதெல்லாம் ஒரு பயமே கிடையாது” என்றேன்.

சங்கீதா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “யாரு, அவருக்கா?” என்றாள். “அன்னிக்கி எங்கூட்ல தண்ணி குடிச்சாரே, டம்ளர் நிக்கல சார் கையில. பாதித் தண்ணி சட்டையிலதான் ஊத்திக்கிட்டாரு. ‘கண்ணு, எனக்குப் பயமா இருக்குது. எம் பேத்தி பேரா இருந்தா நான் அடிக்க வுடமாட்டன்’னாரு. அப்ப வேண்டாங்கண்ணான்னு நான் சொன்னன். ‘வேற வழி இல்லியே’ன்னுட்டு மூஞ்சியத் தொடச்சாரு. ‘ஆபீஸருகிட்டச் சொல்லிராத. என்னப் பாத்துக்கிட்டுத்தான் அந்த மனுசன் பின்னால வர்றாரு’ன்னாரு.”

பையன் என் பேனாவை எடுத்து வாயில் வைத்தான். அவள் பிடுங்கி வைத்தாள். நான் அவனைப் பார்த்து, “உம் பேரு என்ன, கண்ணு?” என்று கேட்டேன். அவனுக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை; அவள்தான் சொன்னாள், சொல்லும்போது அழுதாள். அழுது முடியும்வரை நான் எந்தத் தாளையும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து, நான் முதலில் பெயரைக் கேட்டது இன்றுதான்.

பிறகு அவள் கைபேசிக்கு எண் வந்தது. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் அழுத்தினேன். பயந்தபடியேதான் அழுத்தினேன். இது வண்டி மாறுவது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் இந்த முறை அது உண்மையில்லை. பெரியவர் ஊரில் காய்ச்சலாகக் கிடக்கிறாராம். பெயரை எடுத்ததை அவருக்கு யார் சொல்வது என்று அவள் தயங்கினாள். நானே வந்து சொல்கிறேன் என்றேன். நாளைக் காலை வண்டிக்குப் போகிறேன். என்ன சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. போய் அவருக்கு எதிரே தரையில் உட்காருவேன்.

ஐந்தாவதற்கு எழுத வேறு ஒன்றும் இல்லை. மூன்றாவது மட்டும் தவறு. தாளை மேலிருந்து மறுபடி படித்தேன். அந்த வரியைக் கோடு போட்டு அடிக்கப் பேனாவையும் எடுத்தேன். இன்றைக்கு இனி எதையும் அடிக்க என்னால் ஆகாது. அது அங்கேயே இருக்கட்டும். தவறு என்று மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.