டைகருக்குப் பதினொரு வயது

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்த துணி எல்லாம் கூடத்தில் கயிறு கட்டித் தொங்குகிறது. ஏழாம் வகுப்பு நோட்டு ஒரு கட்டு இன்னும் திருத்தவில்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிய வேண்டும்.

டைகர் இன்றும் கட்டிலில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தான். விழுந்ததும் யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை. நான் நோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

கால் நான்கும் சாண் உயரம், முதுகு மட்டும் நீளம். டாஷ்ஹண்ட் நாய். மகன் கார்த்தி காலேஜில் படிக்கும்போது சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. அந்த உருவத்துக்கு டைகர் என்று பேர் வைத்ததும் அவன்தான். இப்போது பதினொரு வயது. மூக்கைச் சுற்றி நரைத்துவிட்டது. பல்லில் மஞ்சள் காரை. காது மட்டும் பட்டுத்துணி மாதிரி அப்படியே.

எடை ஏறினால் இந்த வகை நாய்க்கு முதுகெலும்புத் தட்டு நழுவும், பின்னங்கால் இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதால் ஆடி மாதத்திலிருந்து அவன் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன். இளைத்த பாடில்லை. காரணம் இவர். காலையில் தன் பழைய சோற்றில் பாதி, தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயம் உட்பட, அவனுக்குப் போய்விடுகிறது. கேட்டதற்கு, "அவன் என்ன கல்யாணத்துக்கா போவப்போறான், மெலியறதுக்கு?" என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே உறைத்திருக்க வேண்டும். எழுந்து வயலுக்குப் போய்விட்டார். இந்த வீட்டில் கல்யாணம் என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

டைகர் காலையில் எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டுகிறான். முதுகுதான் போய்விட்டது என்று நினைத்தேன். விரலால் கழுத்திலிருந்து வால்வரை அழுத்திப் பார்த்தேன். வலித்ததாகத் தெரியவில்லை. மூச்சு மட்டும் வேகமாக, மேலாக.

பள்ளிக்கூடத்தில் மனம் ஓடவில்லை. பாடம் நடத்திக்கொண்டே எங்கேயோ இருந்தேன். "டீச்சர், அது போன வாரமே நடத்திட்டீங்க" என்றது ஒரு பெண்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வாசலில் சிறுநீர், டிக்காஷன் நிறத்தில்.

ஆட்டோ பிடித்துப் பெரம்பலூர் டவுனுக்கு. இவர் மடியில் துண்டை விரித்து அவனை வைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் உதட்டைத் தூக்கி ஈறைக் காட்டினார். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. மழைக்காலத்தில் உண்ணிக் காய்ச்சல் நிறைய வருகிறதாம், அதுவாகத்தான் இருக்கும் என்று ஊசி போட்டார். ரத்தம் ஊறுகிற மாதிரி ஏதாவது கொடுக்கச் சொன்னார். இவர் அதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

நவம்பர் 7, வெள்ளி

மதிய இடைவேளையில் கார்த்தி போன். வழக்கம்போல் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் நின்று பேசினேன். பெற்ற பிள்ளையிடம் பேச எனக்கு இந்த இடம்தான். இரண்டு வருஷமாக.

அவன் கட்டிக்கொண்டது ஏலாக்குறிச்சிப் பெண். ரெஜினா. திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மாதா கோயிலில் வைத்துத்தான் கல்யாணம். இவர் போகவில்லை, என்னையும் போகவிடவில்லை. நானும் அழுதுகொண்டு இருந்துவிட்டேன்.

"டைகர் எப்படிம்மா இருக்கான்?"

நன்றாகத்தான் இருக்கிறான் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னால் அவன் வருவேன் என்பான். வந்தால் இங்கே என்ன நடக்குமோ.

டைகருக்கு இரண்டாவது ஊசிக்கும் கேட்கவில்லை. நான் வைத்த கோழி ஈரலை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். ஆனால் கொல்லையில் இவர் எதையோ நசுக்கித் தயிர்ச்சோற்றில் பிசைந்து விரலால் ஊட்டினார், நக்கி நக்கித் தின்றான். ஏதோ உள்ளே போகிறதே என்று நான் விட்டுவிட்டேன். அவன் எப்போதுமே இவர் கையில்தான் ஒழுங்காகத் தின்பான்.

நவம்பர் 9, ஞாயிறு

ஊருக்கே நல்ல மழை. இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. கை வலிக்கிறது, இருந்தாலும்.

காலையில் டைகர் கண்ணின் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. நிறுத்தி வைத்தால் நான்கு காலும் மடிகிறது. டாக்டருக்குப் போன் போட்டேன். உடனே ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், இங்கே அந்த வசதி இல்லை, திருச்சிக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

இவர், "இந்த மழைல வயசான உசுர எதுக்கு அலக்கழிக்கற? இங்கயே கெடக்கட்டும்" என்றார். அவன் தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னார்.

நான் கூடத்தில், அவர் முன்னாலேயே, கார்த்திக்குப் போன் செய்தேன்.

"டைகருக்கு ரொம்ப முடியலப்பா. கார எடுத்துக்கிட்டு வா."

இவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கார் வந்தது. கார்த்தி இறங்கினான், கொஞ்சம் இளைத்திருக்கிறான். பின்னாலேயே ரெஜினாவும் இறங்கினாள். நான் எதிர்பார்க்கவில்லை. போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள். "அத்தை, டவல் எங்க இருக்கு?" என்றுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

எனக்குக் காரில் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும், முன்சீட்தான் ஆகும். அதனால் டைகர் அவள் மடிக்குப் போனான். அவளுக்கு நாய் என்றால் பயம், சின்ன வயதில் கெண்டைக்காலில் கடி வாங்கியவள் என்று கார்த்தி வண்டியை எடுத்த பிறகு சொன்னான். திரும்பிப் பார்த்தேன். இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிறுவாச்சூர் தாண்டி மறுபடி பார்த்தபோது ஒரு கை அவன் தலைமேல் இருந்தது. கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஜெபம்தான்.

கிளம்பும்போது தெருமுனையில் இவர் நின்றிருந்தார். நிறுத்தச் சொல்லி, வாங்க என்றேன். அவர் கார்ச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு, "நீ போ. எனக்கு வயலுக்குத் தண்ணி பாய்ச்சணும்" என்றார். குடையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

திருச்சி டாக்டர் இளவயதுப் பெண். ரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உண்ணிக் காய்ச்சலுக்கு உண்டான பரிசோதனையில் ஒன்றும் இல்லை. வீட்டில் என்ன சாப்பாடு என்றார். அளவுச் சோறு, கோழி, முட்டை, ஈரல் என்றேன். வேறு ஏதாவது? வேறு இல்லை என்று அடித்துச் சொன்னேன். இவர் போடும் பழைய சோறு அந்தப் பதற்றத்தில் நினைவுக்கே வரவில்லை. எலி மருந்து ஏதாவது தின்றிருப்பானா? அவர் கேட்கக் கேட்க எனக்குப் பயம் கூடியது.

டைகருக்கு டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் மூவரும் பெஞ்சில். அப்போதுதான் வாசலில் இவர். முழங்கால்வரை சேறு, வேட்டி நனைந்து ஒட்டிக்கொண்டு. பஸ் பிடித்து வந்திருக்கிறார். எந்த ஆஸ்பத்திரி என்று எப்படித் தெரியும்? பெரம்பலூர் டாக்டரிடம் போய்க் கேட்டாராம்.

கார்த்தி எழுந்து நின்றான். இவர் அவனைத் தாண்டி நேரே டாக்டரிடம் போனார்.

"அம்மா, இவங்களுக்கு முழுசாத் தெரியாது. சாப்பாட்டக் கொறச்சுட்டாங்கன்னு நாந்தான் தனியாக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"என்ன குடுத்தீங்க ஐயா?"

"பழைய சோறு. கூட சின்ன வெங்காயம். இந்த நாலஞ்சு நாளா வெங்காயத்த நசுக்கித் தயிர்ல போட்டுக் குடுத்தேன். ரத்தம் ஊறும்னு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நாய்க்கு வெங்காயம் ஆகாது, மனிதருக்கு நல்லதென்றாலும் நாயின் ரத்த அணுவை உடைத்துவிடும், பச்சையானாலும் வெந்தது ஆனாலும் சரி, கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேர்ந்து அடிக்கும். வயதான உடம்பு, உடைந்த வேகத்துக்குப் புது ரத்தம் ஊறவில்லை. இப்போது தெரிந்தது நல்லது என்றார்.

"வெங்காயமா?" என்றார் இவர். கொஞ்சம் கழித்து மறுபடி, "வெங்காயமா?"

முப்பது வருஷமாக வயலில் வெங்காயம் போடுகிற மனுஷன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். கார்த்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்கவில்லை. ரெஜினா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். உட்காரவில்லை.

வேறொரு நாயின் ரத்தம் ஏற்றினார்கள். பெரிய நாயாம், லாப்ரடார். அது ஏறி முடியும்வரை இவர் டைகர் கண்ணில் படுகிற மாதிரி கூண்டுக் கம்பிக்கு அருகில் நின்றார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். கார்த்தி கொண்டுவிடுகிறேன் என்று கூடவே கொஞ்ச தூரம் வந்தான்.

நவம்பர் 10, திங்கள்

அரை நாள் சி.எல். தலைமையாசிரியரிடம் உறவில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றேன். நாய் என்றால் விடுவாரா?

நேற்று பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மழையில் வெங்காயம் அழுகிப்போனதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கார்த்தியிடமிருந்து: இரவு தாண்டிவிட்டான். ஈறில் லேசாகச் சிவப்பு.

இவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். கஞ்சி குடிக்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

டைகரை ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாடி வீடு. படி ஏறி இறங்கினால் முதுகு போய்விடும் என்று ரெஜினாதான் தூக்கி இறக்குகிறாளாம். ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்பக்கத்துக்கடியில், நீளம் வளையாமல். டாக்டர் காட்டிக்கொடுத்தது. "மொத நாள் எனக்குக் கை வேர்த்துப் போச்சு அத்தை" என்றாள் போனில்.

டாக்டர் சொன்னதாக அவள் சொன்னவை, மறக்காமல் இருக்க: வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் தொடவே கூடாது. பல் காரை எடுக்க வேண்டும், ரத்தம் தேறிய பிறகு. நகம் வளரவிடக்கூடாது, நடை கோணும். எடை ஏறவே கூடாது. கட்டில், சோபா ஏற விடக்கூடாது. சரியாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் சில வருஷம் இருப்பான்.

இன்னொன்றும் சொன்னாள். வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், அலைச்சல் ஆகாது, அதனால் அங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் நினைக்கிறார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

இவரிடம் சொன்னதும் சண்டை.

"நம்ம நாயி அது. அவங்க வூட்லயா கெடக்கணும்?"

போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

"நாய்க்கு ஊட்டி ஊட்டி விட்டீங்க. பெத்த புள்ளய ஒருநா சாப்ட்டியான்னு கேட்டீங்களா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். டைகர் படுக்கும் சாக்கை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். சொன்னது தப்பில்லை.

நவம்பர் 15, சனி

ரெஜினா மெசேஜ்: ஒரு இட்லி சாப்பிட்டான், சிறுநீர் தெளிவு. கூட ஒரு போட்டோ. அவள் நைட்டி விளிம்பில் தலையை வைத்துத் தூங்குகிறான்.

இவர் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். டைகரைப் பார்த்தார். அப்புறம் படத்தை நகர்த்தி அவர்கள் வீட்டுத் தரை, சுவர், மூலையில் இருந்த தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது, நாளைக்குத் திருச்சி பஸ் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்குமா என்று கேட்டார்.

நவம்பர் 16, ஞாயிறு

மேகமூட்டம். காலையிலேயே கிளம்பினோம். உட்கார இடம் கிடைத்தது.

அவர்கள் தெருமுனைக்கு வந்ததும் நின்றுவிட்டார். நாயைக் கீழே கொண்டுவரச் சொல், பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றார். நான் போன் செய்தேன். எதிர்த்தாற்போல இருந்த டீக்கடையில் ஒருவர், "யாரத் தேடறீங்க?" என்று கேட்டார். இவர் மாடிப் பக்கம் பார்த்தார்.

முனை வீடுதான். ரெஜினா படியிறங்கி வந்தாள். சொன்ன மாதிரியே இரண்டு கையிலும் ஏந்தி, நெஞ்சோடு சேர்த்து. டைகர் இவரைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஊளையிட்டான், குட்டியாக இருந்தபோது கேட்ட குரல். இறக்கிவிட்டாள். நான்கு எட்டு நடந்து வந்தான், பின்னங்கால் லேசாக ஆடியது. இவர் தெருவிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். அவன் இவர் விரலை ஒவ்வொன்றாக மோந்து நக்கினான். இவர் கையை விலக்கவும் முடியாமல், கொடுக்கவும் முடியாமல்.

"கைய நல்லாக் கழுவிட்டுத்தாம்மா வந்தேன்" என்றார். ரெஜினாவிடம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க மாமா" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. கார்த்தி மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றான், இறங்கலாமா வேண்டாமா என்று.

அவள் குனிந்து டைகரைத் தூக்கப் போனாள். இவர் தடுத்து, எப்படித் தூக்க வேண்டும் என்று கேட்டார். அவள் காட்டினாள். ஒரு கை இங்கே, ஒரு கை இங்கே. இவர் தூக்கினார். முதலில் சரியாக வரவில்லை, அவள் அவருடைய இடது கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள்.

அவனைத் தூக்கிக்கொண்டு படி ஏற ஆரம்பித்தார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. நாங்கள் இருவரும் பின்னால். வாசலுக்கு வந்ததும் இரண்டு கையும் நிறைந்திருந்ததால், ஒரு காலால் மற்றக் கால் செருப்பைத் தள்ளிக் கழற்றினார்.