மாடியில் காய்ந்த கம்பைலர்

பங்குனி, செவ்வாய், 1975

கம்ப்யூட்டர் புரோகிராமைக் கருவாடு மாதிரி வெயிலில் காயப்போட்ட ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான். எழுதுவதை மெஷின் பாஷைக்கு மாற்றும் கம்பைலரின் துளையட்டைகளைக் காலையில் மெஷின் மென்று துப்பியது. கடற்காற்றில் நமத்துவிட்டன என்று நானே தீர்ப்புச் சொல்லி, அலுவலக மாடியில் வரிசையாகப் பரப்பினேன்.

மீனவர் பகுதியான திரேஸ்புரத்து வாட்ச்மேன் அந்தோணி அவற்றைப் புரட்டிப்போட்டு, கூடையில் அள்ளிக்கொண்டு வந்தார். "ரெண்டு பக்கமும் நல்லா காஞ்சிட்டு சார். வாசம்தான் வரல."

அட்டைகளின் வரிசை போச்சு.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "நாளைக்கு மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்காரங்க வரும்போது இது மெஷின்ல ஏறியிருக்கணும்வே. இல்லைன்னா மெஷின் மெட்ராசுக்கு, நீரு பழையபடி டைப்படிக்க."

ஓரத்து எண்ணைப் பார்த்து அடுக்கி முடிப்பதற்குள் முதுகு விட்டுப்போனது. மறுபடி கொடுத்தேன், மறுபடி துப்பியது. மூடியைக் கழற்றினால், அட்டை நுழையும் வாயில் ஒரு துண்டு முந்திரி மக்ரூன் மிட்டாய். எடுத்ததும் கம்பைலர் சமர்த்தாக ஏறிவிட்டது. மேனேஜர் கைகொடுத்தார்.

அந்த அறையில் மக்ரூன் தின்பவன் நான் ஒருவன்தான்.